பாதுகாப்பான உடல்வழிக் கட்டுப்படுத்தல் பயிற்சியின் தர உறுதிப்பாடு

உடல்வழிக் கட்டுப்படுத்தல் என்பது, தமக்கோ பிறருக்கோ உடனடித் தீங்கு விளைவிக்கக்கூடிய நிலையில் இருக்கும் ஒருவரின் உடல் அசைவைப் பிறர் தம் கைகளாலோ பட்டை, கட்டு முதலிய கருவிகளாலோ தடுத்து நிறுத்துவதாகும். உளநல மருத்துவமனைகள், அவசர சிகிச்சைப் பிரிவுகள், முதியோர் இல்லங்கள், மறுவாழ்வு இல்லங்கள் ஆகியவற்றில் இது நிகழ்கிறது. இச்செயலால் நோயாளி இறக்கவும் கூடும் என்பதால், இதனைச் செய்ய நேரும் ஊழியருக்குப் பயிற்சி வேண்டும் என்பது பல நாடுகளில் ஏற்கப்பட்டுள்ளது. ஆயினும் பயிற்சி நடந்ததா என்பதும், அப்பயிற்சி பயன் தந்ததா என்பதும் வெவ்வேறு கேள்விகள். இரண்டாவது கேள்விக்கு முறையாக விடை தேடுவதே இப்பயிற்சியின் தர உறுதிப்பாடு எனப்படும்.

தமிழ்நாட்டில் இப்பொருள் ஏட்டளவில் நிற்பதன்று. மன்னார் வளைகுடாக் கரையில் உள்ள ஏர்வாடியில் 2001ஆம் ஆண்டு நிகழ்ந்த தீ விபத்தே இந்தியாவில் நோயாளரைக் கட்டிவைப்பது குறித்த பொது விவாதத்தைத் தொடங்கிவைத்தது.

சொற்பொருள்

ஊழியர் தம் கைகளால் மட்டும் பிடித்து நிறுத்துவது கைவழிக் கட்டுப்படுத்தல் எனவும், பட்டை, கட்டு போன்றவற்றைக் கொண்டு படுக்கையிலோ நாற்காலியிலோ பிணிப்பது கருவிவழிக் கட்டுப்படுத்தல் எனவும் பிரிக்கப்படுகின்றன. அமைதியூட்டும் மருந்தை நோய்க்காக அன்றி அடக்குவதற்காகச் செலுத்துவது வேதிவழிக் கட்டுப்படுத்தல் ஆகும். அறையில் தனியே பூட்டிவைத்தல் தனிமைப்படுத்தல் எனப்படும். சங்கிலியிடல் இவ்வகைகளுள் எதிலும் சேராது. அது மருத்துவ நடவடிக்கையே அன்று.

தரக் கட்டுப்பாடு, தர உறுதிப்பாடு ஆகிய இரண்டும் ஒன்றுபோல் வழங்கப்படினும் பொருள் வேறானவை. செய்து முடித்த ஒன்றில் குறை இருக்கிறதா எனப் பார்ப்பது தரக் கட்டுப்பாடு. குறை எழாதவாறு செய்முறையையே அமைத்து, அது அவ்வாறே நடக்கிறதா எனத் தொடர்ந்து சரிபார்ப்பது தர உறுதிப்பாடு. உயிர் தொடர்பான செயலில் முன்னதை மட்டும் நம்பியிருக்க இயலாது. குறை தெரியவரும்போது ஒருவர் இறந்திருக்கக்கூடும்.

ஏர்வாடி, 2001

ஏர்வாடி, தூத்துக்குடியிலிருந்து வடகிழக்கே அதே கடற்கரையில், இராமநாதபுரம் மாவட்டத்தில் அமைந்த ஊர். இங்குள்ள தர்காவில் தங்கினால் உளநோய் தீரும் என்னும் நம்பிக்கையால் பல ஊர்களிலிருந்தும், மத வேறுபாடின்றி, குடும்பத்தினர் நோயாளரை அழைத்துவருவது நெடுநாள் வழக்கம். நீண்ட நாள் உடன் தங்க இயலாத குடும்பங்கள் நோயாளரை விட்டுச்செல்வதற்கென, தனியார் நடத்திய காப்பகங்கள் தர்காவைச் சுற்றித் தோன்றின.

அவற்றுள் ஒன்றான மொய்தீன் பாதுசா மனநலக் காப்பகத்தில் 2001 ஆகத்து 6 அன்று அதிகாலையில் தீப்பிடித்தது. கொட்டகைக்குள் இருந்தவர்களுள் பெரும்பாலோர் சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்தமையால் அவர்களால் ஓட இயலவில்லை. 25 பேர் உடனே உயிரிழந்தனர். பின்னர் இறந்தோரையும் சேர்த்து எண்ணிக்கை 28 ஆனது. ஒரு வாரத்திற்குள் அங்கிருந்த இத்தகைய காப்பகங்கள் மூடப்பட்டு, 500க்கும் மேற்பட்டோர் அரசின் பொறுப்பில் கொண்டுவரப்பட்டனர். இந்திய உச்ச நீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டு, 2002இல் மாநிலங்கள் அனைத்திற்கும் உளநல நிறுவனங்களைக் கணக்கெடுக்கவும், மாநிலத்துக்கு ஓர் அரசு உளநல மருத்துவமனையேனும் இருப்பதை உறுதிசெய்யவும் ஆணையிட்டது.

ஏர்வாடியை நம்பிக்கைக்கும் மருத்துவத்துக்கும் இடையிலான மோதலாக மட்டும் காண்பது பரவலான வழக்கம். பயிற்சி என்னும் கோணத்தில் பார்த்தால் வேறொன்றும் தெரிகிறது. சங்கிலி என்பது ஆளுக்கு மாற்று. இரவில் விழித்திருந்து கவனிக்கவும், கொந்தளிப்பில் இருப்பவரிடம் பேசவும், தேவைப்படின் சில நிமிடம் பிடித்து விடுவிக்கவும் தெரிந்த ஊழியர் போதிய அளவில் இல்லாத இடத்தில், பூட்டும் சங்கிலியும் அவர்களின் வேலையைச் செய்கின்றன. ஆதலால் சங்கிலியை அகற்றும் ஆணை, அவ்விடத்தில் யார் நிற்பார்கள், அவர்களுக்கு என்ன தெரிந்திருக்கும் என்பதையும் சேர்த்தே தீர்மானிக்க வேண்டியதாகிறது.

ஐரோப்பாவின் வரலாறும் இதையே காட்டுகிறது. பாரிசின் பிசேத்ரு மருத்துவமனையில் 1797இல் சங்கிலிகளை அகற்றிய சான் பத்தீசுத்து புசேன் மருத்துவர் அல்லர். அங்கு ஊழியர்களுக்குத் தலைவராக இருந்தவர். நோயிலிருந்து மீண்டவர்களையே பணியாளராக அமர்த்துவது அவருடைய முறையாக இருந்தது. இங்கிலாந்தின் ஆன்வெல் மருத்துவமனையில் 1839 முதல் கருவிவழிக் கட்டுகளைக் கைவிட்ட சான் கொனாலி, நல்ல பணியாளர் போதிய எண்ணிக்கையில் இன்றி இது நடவாது என்பதை வலியுறுத்திவந்தார்.

உயிரிழப்பு நேரும் விதம்

மூச்சு உள்ளே செல்ல விலாக்கூடு விரியவும் உதரவிதானம் கீழிறங்கவும் வேண்டும். ஒருவரைக் குப்புறக் கிடத்தி முதுகிலோ தோளிலோ இடுப்பிலோ எடையை ஏற்றினால் இவ்விரண்டும் தடைப்படுகின்றன. வயிறு பருத்தவராயின் குப்புறக் கிடக்கும் நிலையே உதரவிதானத்தை மேல்நோக்கித் தள்ளும். அதே வேளையில், போராடும் உடலுக்கு ஆக்சிசன் வழக்கத்தினும் மிகுதியாகத் தேவைப்படுகிறது. தசைகளில் அமிலம் பெருகி, அதனை வெளியேற்ற வேகமாக மூச்சுவிட வேண்டியிருக்கிறது. தேவை உயரும் நேரத்தில் வழி அடைபடுவதே ஆபத்து. இது நிலைசார் மூச்சுத்திணறல் எனப்படுகிறது.

இங்கு ஒரு கொடிய தவறான புரிதல் ஏற்படுகிறது. மூச்சு முட்டுபவர் இன்னும் வலிந்து திமிறுவார். பயிற்சியற்றவர் அதனை எதிர்ப்பாகக் கருதி மேலும் அழுத்துவார். பின்னர்த் திமிறல் நின்றதும் அடங்கிவிட்டார் என எண்ணுவார். பேச முடிகிறவருக்கு மூச்சு இருக்கிறது என்பதும் பாதுகாப்பான அனுமானம் அன்று. ஓரிரு சொல் பேசுவதற்கு வேண்டிய காற்று, உயிர் தாங்குவதற்கு வேண்டிய காற்றைவிடக் குறைவு. எனவே மூச்சு முட்டுகிறது என்று ஒருவர் சொன்னவுடன் பிடியைத் தளர்த்துவது எந்தப் பயிற்சியிலும் முதல் விதியாக இருத்தல் வேண்டும்.

படுக்கையில் நெடுநேரம் கட்டிவைக்கப்படுவோருக்குக் கால் நாளங்களில் குருதி உறைதல், தோல் புண், நரம்பு அழுத்தம் ஆகியன ஏற்படலாம். சிறுவயதில் வன்முறைக்கு ஆளானவர்களுக்குப் பழைய அச்சம் மீளவும் எழும்.

பிற நாடுகளின் பட்டறிவு

ஐக்கிய அமெரிக்காவில் ஆர்ட்ஃபோர்டு கூரன்ட் நாளிதழ் 1998இல் வெளியிட்ட புலனாய்வுத் தொடர், அதற்கு முந்தைய பத்தாண்டுகளில் கட்டுப்படுத்தலின்போதோ தனிமைப்படுத்தலின்போதோ நிகழ்ந்த 142 இறப்புகளை உறுதிசெய்தது. அதன் பின்னரே கூட்டரசு விதிகள் இறுகின. 2006இல் இறுதி செய்யப்பட்ட மருத்துவமனை விதிகளின்படி, ஊழியர் இச்செயலில் இறங்குமுன் பயிற்சி பெற்றிருப்பதோடு தம் திறனைச் செய்துகாட்டவும் வேண்டும். கொந்தளிப்பைத் தூண்டும் காரணிகளை அறிதல், உடலைத் தொடாமல் தணித்தல், மூச்சுத்திணறலின் அறிகுறிகள், விடுவிக்க வேண்டிய தருணம், முதலுதவி, இதய நுரையீரல் மீட்பு ஆகியன பாடத்தில் அடங்கும்.

இங்கிலாந்தின் நோரிச்சு நகரில் ஓர் உளநல மருத்துவமனையில் 1998 அக்டோபரில் தாவீது பென்னெட்டு என்பவர் குப்புறக் கிடத்தப்பட்டு ஏறத்தாழ 25 நிமிடம் பிடிக்கப்பட்ட நிலையில் இறந்தார். சர் சான் பிளோஃபெல்டு தலைமையிலான விசாரணைக் குழு, எவரையும் மூன்று நிமிடத்துக்கு மேல் குப்புறப் பிடித்திருத்தல் கூடாது என்றும், பயிற்சிக்கு நாடு தழுவிய முறை வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. அன்றைய நிகழ்வின் தொடக்கத்தையும் கவனிக்க வேண்டும். மற்றொரு நோயாளி அவரை நிற வேற்றுமை கூறி இழிவுபடுத்தியிருந்தார். பின்னர் வேறு வார்டுக்கு மாறும்படி சொல்லப்பட்டவர் பென்னெட்டே. கைகள் அவரைப் பற்றுவதற்கு மிக முன்பாகவே செய்ய வேண்டிய வேலை ஒன்று செய்யப்படாமல் போயிருந்தது.

அந்நாட்டில் மருத்துவமனைகளுக்கு வந்த கட்டுப்படுத்தல் உத்திகள் 1980களில் சிறைத்துறையில் உருவாக்கப்பட்டவை. மணிக்கட்டை மடக்கி வலியூட்டிப் பணியவைப்பது அவற்றுள் ஒன்றாக இருந்தது. சிறைக்கென அமைந்த உத்தி நோயாளிக்குப் பொருந்துமா என்பதை யாரும் முன்கூட்டிச் சோதித்துப் பார்க்கவில்லை என்பதே தர உறுதிப்பாட்டின் நோக்கில் பெருங்குறை. 2010இல் ஓலசேனி லூயிசு என்னும் 23 அகவை இளைஞர் இலண்டன் மருத்துவமனை ஒன்றில் காவலர்களால் பிடிக்கப்பட்டபின் இறந்ததைத் தொடர்ந்து, உளநலப் பிரிவுகளில் விசைப் பயன்பாடு குறித்த சட்டம் 2018இல் இயற்றப்பட்டது. ஒவ்வொரு நிகழ்வையும் பதிவதும் ஊழியரைப் பயிற்றுவிப்பதும் அச்சட்டப்படி கட்டாயம். கட்டுப்படுத்தல் குறைப்பு வலையமைப்பு என்னும் அமைப்பு 2019இல் பயிற்சிக்கெனவே தனித் தரநிலையை வெளியிட்டது. பயிற்சி தரும் நிறுவனத்தை வெளியார் சோதித்துச் சான்றளிப்பதும், கட்டுப்படுத்தப்பட்ட பட்டறிவு உள்ளவர்களைப் பாடம் அமைப்பதில் சேர்ப்பதும் அதன் சிறப்புக் கூறுகள்.

இந்தியச் சட்ட நிலை

உளநலப் பராமரிப்புச் சட்டம், 2017 அடுத்த ஆண்டு நடைமுறைக்கு வந்தது. அதன் 95ஆம் பிரிவு, உளநோய் உள்ளவரை எந்த வகையிலும் எந்த வடிவிலும் சங்கிலியிடுவதைத் தடைசெய்கிறது. 97ஆம் பிரிவு தனிமைப்படுத்தலை விலக்கி, உடல்வழிக் கட்டுப்படுத்தலைக் கடும் வரையறைகளோடு மட்டும் அனுமதிக்கிறது. உடனடித் தீங்கைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோதுதான் அதனைச் செய்யலாம். சிகிச்சைக்குப் பொறுப்பான உளநோய் மருத்துவர் அதற்கு ஒப்புதல் தர வேண்டும். முறை, காரணம், கால அளவு ஆகியவை மருத்துவக் குறிப்பில் பதியப்பட வேண்டும். நோயாளி நியமித்த சார்பாளருக்கு 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். மருத்துவப் பணியாளரின் தொடர் கண்காணிப்பு வேண்டும். தண்டனையாகவோ அச்சுறுத்தலாகவோ செய்தல் கூடாது. ஊழியர் பற்றாக்குறை என்பதும் காரணமாகாது. எல்லா நிகழ்வுகளும் மாத அறிக்கையில் உளநல மறுஆய்வு வாரியத்துக்கு அனுப்பப்படுதல் வேண்டும்.

ஊழியர் பற்றாக்குறையைக் காரணமாக ஏற்க மறுக்கும் அவ்வரி, ஏர்வாடியின் படிப்பினை சட்டத்தில் ஏறிய இடம் எனலாம். உத்தரப் பிரதேசத்தின் பதாயூனில் இருந்த காப்பகம் தொடர்பான வழக்கில், சங்கிலியிடலை அனுமதிக்க இயலாது என உச்ச நீதிமன்றம் 2019 சனவரியில் மீண்டும் கூற நேர்ந்ததும் கருதத்தக்கது.

ஆயினும் கட்டுப்படுத்துபவர் என்ன பயின்றிருக்க வேண்டும் என்பதை 97ஆம் பிரிவு கூறவில்லை. மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று வழங்கும் தேசிய வாரியத்தின் தரநிலைகள், கட்டுப்படுத்தல் உத்திகளில் ஊழியருக்குப் பயிற்சியும் அவ்வப்போது புதுப்பித்தலும் வேண்டும் எனக் கோரியுள்ளன. ஆனால் அச்சான்றை நாடாத நிறுவனங்களை அது கட்டுப்படுத்தாது.

பயிற்சியின் தரத்தை அளத்தல்

பயிற்சிகளை மதிப்பிட தொனால்டு கிர்க்பாட்ரிக்கு 1959இல் முன்வைத்த நான்கு படிநிலைகள் இன்றும் பரவலாகக் கையாளப்படுகின்றன: பயின்றவர் கொண்ட கருத்து, கற்ற அளவு, பணியிடத்தில் மாறிய நடத்தை, இறுதி விளைவு. நிறுவனங்கள் திரட்டும் சான்றுகளிற் பெரும்பகுதி முதற் படியோடு நின்றுவிடுகிறது. வருகைப் பதிவேட்டில் கையொப்பம், நிகழ்ச்சி பயனுள்ளதாக இருந்தது என்னும் குறிப்பு, சான்றிதழ், குழுப் படம் ஆகியவற்றிலிருந்து நள்ளிரவில் ஒருவரை யார் எவ்வாறு பிடிப்பர் என்பது தெரியவராது.

இரண்டாம் படியில் எழுத்துத் தேர்வு போதாது. செய்துகாட்டும் தேர்வு வேண்டும். குழுவாகப் பிடிக்கும் ஒத்திகையின் நடுவே, நோயாளியாக நடிப்பவர் முன்னறிவிப்பின்றி மூச்சு முட்டுகிறது என்று கூற வேண்டும், அல்லது திடீரெனத் தளர்ந்துவிட வேண்டும். குழு எத்தனை நொடியில் விடுவிக்கிறது? தலையையும் மூச்சையும் கவனிக்கும் பொறுப்பு ஒருவரிடம் இருந்ததா? அவர் நிறுத்தச் சொன்னபோது, பதவியில் மூத்தவர் உட்பட அனைவரும் நிறுத்தினரா? கடைசிக் கேள்வி நம் மருத்துவமனைகளில் எளிதானதன்று. உதவியாளர் ஒருவர் மருத்துவரைக் கையெடுக்கச் சொல்வது ஒத்திகையில் பழகாவிடில் நேரில் நடவாது.

மதிப்பிடுபவர் பயிற்றுநராகவே இருத்தல் கூடாது. மென்பொருள் துறையில் நிரலை எழுதியவரே சோதித்து முடித்ததாக அறிவிப்பதை ஏற்பதில்லை. தம் பிழை தம் கண்ணுக்குப் படாது என்பதே காரணம். பயிற்றுநருக்கும் இது பொருந்தும். மேலும், ஒருவர் பத்துப் பேருக்கும், அப்பத்துப் பேர் நூறு பேருக்கும் கற்பிக்கும் படிமுறைப் பயிற்சியில் ஒவ்வொரு படியிலும் சிறிது திரிபு சேர்கிறது. தணிக்கும் உரையாடல் பற்றிய பகுதி சுருங்கி, பிடி போடும் பகுதி மட்டும் எஞ்சுவது இயல்பு. அதனால் பயிற்றுநரையும் குறித்த இடைவெளியில் ஒருவர் அமர்ந்து பார்த்தல் வேண்டும்.

உடல் திறன் பயன்படுத்தாதபோது மங்கும். ஆகவே ஒரு முறை பெற்ற சான்றிதழுக்குக் காலாவதி நாள் இருப்பது முறை. பயிற்சி பெற்றோர் விழுக்காட்டை மொத்த ஊழியர் எண்ணிக்கையைக் கொண்டு கணக்கிடுவதும் ஏமாற்றக்கூடியது. பத்தில் எட்டுப் பேர் பயின்றவர் என்றாலும், அந்த எட்டுப் பேரும் பகற்பணியினராயின் இரவில் அவ்வார்டு பயிற்சியற்றதே. இரவுப் பணியில் இருக்கும் ஒப்பந்த உதவியாளர், வாயிற்காவலர் ஆகியோரைச் சேர்த்து, பணி முறைவாரியாகக் கணக்கிட வேண்டும்.

மூன்றாம், நான்காம் படிகளுக்கு வேண்டிய தரவு, சட்டம் கேட்கும் பதிவிலேயே பெருமளவு இருக்கிறது. முறை, காரணம், கால அளவு ஆகியவற்றோடு உடல் இருந்த நிலை, காயம், ஈடுபட்டோர், மணி ஆகியவற்றைச் சேர்த்தெழுதினால் போதும். புதிய படிவம் எதுவும் தேவையில்லை. அதனை 1000 நோயாளி-நாட்களுக்கு எத்தனை நிகழ்வுகள் என மாதந்தோறும் வரைந்து பார்க்கலாம். ஆனால் இவ்வரைபடத்தைப் படிப்பதில் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. பயிற்சி முடிந்த உடனே எண்ணிக்கை உயரக்கூடும். முன்பு எழுதாமல் விட்டவற்றை இப்போது எழுதுகின்றனர் என்பதே அதன் பொருளாக இருக்கலாம். அவ்வேளையில் நிருவாகம் கடிந்துகொண்டால் எண்ணிக்கை விரைவில் குறைந்துவிடும், நிகழ்வுகள் குறையாமலே. அடுத்து, பிடிப்பது குறைந்து அமைதியூட்டும் ஊசி மிகுந்திருந்தால் அது முன்னேற்றம் அன்று. இரண்டையும் ஒரே தாளில் வைத்தே பார்க்க வேண்டும்.

ஒவ்வொரு நிகழ்வுக்குப் பின்னும் நோயாளியோடும் ஊழியரோடும் தனித்தனியே பேசுவது மற்றொரு மூலம். பிரித்தானியாவின் நைசு நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டல், வார்டுக்கு வெளியிலிருந்து வருவோர் நடத்தும் மீளாய்வு 72 மணி நேரத்துக்குள் நடைபெற வேண்டும் என்கிறது. கைவழிப் பிடி வழக்கமாகப் பத்து நிமிடத்தைத் தாண்டலாகாது, தரையில் கிடத்த நேரின் மல்லாந்த நிலையே ஏற்றது, உயிர்மீட்புக் கருவிகள் மூன்று நிமிடத்துக்குள் வந்துசேர வேண்டும் ஆகிய அளவுகளும் அதில் உள்ளன. இத்தகைய எண்கள் தணிக்கைக்கு உதவுகின்றன; கடிகாரத்தோடு ஒப்பிட்டுவிடலாம்.

கட்டுப்படுத்தலுக்கு முந்தைய வேலையில் பயிற்சியளிப்பது பயன் தருகிறது என்பதற்குச் சான்று உண்டு. இலென் போவர்சு குழுவினர் இங்கிலாந்தில் உருவாக்கிய பாதுகாப்பான வார்டுகள் என்னும் முறை, எளிய நடவடிக்கைகளின் தொகுப்பாகும்: எதிர்பார்ப்புகளை இரு தரப்பும் தெளிவாக அறிந்திருத்தல், கெட்ட செய்தியை முன்கூட்டி உணர்ந்து மென்மையாகச் சொல்லுதல், ஊழியரும் நோயாளரும் ஒருவரையொருவர் அறிதல் முதலியன. 2015இல் வெளியான அதன் சீரற்ற ஒப்பீட்டு ஆய்வில் மோதல்கள் 15 விழுக்காடும், கட்டுப்படுத்தும் நடவடிக்கைகள் 26.4 விழுக்காடும் குறைந்தன. இந்தியாவில், உலக சுகாதார அமைப்பின் தர உரிமைகள் திட்டம் குசராத்து மாநில அரசு உளநல நிலையங்களில் செயற்படுத்தப்பட்டு அதன் விளைவுகள் 2019இல் வெளியிடப்பட்டன.

வார்டுக்கு வெளியே

மருத்துவமனைக்கு வந்து சேருமுன்பே கட்டுப்படுத்தல் நடந்துவிடுவது உண்டு. தூத்துக்குடி மாவட்டத்தின் சாயர்புரம் போன்ற சிற்றூரில் ஒருவருக்குத் திடீரெனக் கொந்தளிப்பு ஏற்பட்டால், முதலில் கை வைப்பவர் அண்ணனோ அண்டை வீட்டாரோ ஆவர். கட்டு என்பது துண்டோ சேலையோ கயிறோ ஆகும். அங்கிருந்து தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் செல்லும் வண்டியில், பின்னிருக்கையில் இருவருக்கிடையே குப்புற அழுத்தப்பட்டு வருபவருக்கும் மேலே கூறிய மூச்சுத்திணறல் ஆபத்து அப்படியே பொருந்தும். ஆனால் அப்பயணம் எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை.

சட்டத்தின் 100ஆம் பிரிவுப்படி, உளநோயால் தம்மைப் பேண இயலாமல் திரிபவரையோ ஆபத்தில் இருப்பவரையோ காவல்துறை தன் பாதுகாப்பில் எடுக்கலாம். ஆயின் காவல் நிலைய அறையிலோ சிறையிலோ அடைத்தல் கூடாது. ஆகவே காவலரும் 108 அவசர ஊர்திப் பணியாளரும் இப்பயிற்சிக்குரியோரே. பக்கவாட்டில் படுக்கவைத்தல், முதுகில் முழங்கால் ஊன்றாதிருத்தல், கையை வாய் மூக்கின் அருகே கொண்டுசெல்லாதிருத்தல், ஒருவர் மட்டும் பேசுதல் ஆகியவற்றை அரை நாளில் கற்பித்துவிடலாம். குடும்பத்தினருக்கு 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி-மானசு சேவையின் 14416 என்னும் இலவச எண் உண்டு. நெருக்கடி முற்றுமுன் அழைப்பதற்கே அது மிகுதியும் பயன்படும்.

பொது மருத்துவமனைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவில், குழாய்களைப் பிடுங்கிவிடாதிருக்க முதியோரின் கைகளைக் கட்டிலோடு துணியால் கட்டுவதும் கட்டுப்படுத்தலே ஆகும். இதனைச் செய்யும் செவிலியர் பலர் அவ்வாறு கருதுவதில்லையாதலால் முடிச்சு எவ்வளவு தளர்வாக இருக்க வேண்டும், எத்தனை மணிக்கொரு முறை அவிழ்த்துப் பார்க்க வேண்டும் என்பவை வாய்மொழியாகவே கைமாறுகின்றன.

ஏர்வாடியில் பிற்காலத்தில் வழிபாட்டையும் சிகிச்சையையும் இணைத்து, தர்காவுக்கு வருவோருக்கு அங்கேயே உளநல மருத்துவம் கிடைக்கச் செய்யும் தவா-துவா திட்டம் கொண்டுவரப்பட்டது. தவா என்பது மருந்தையும், துவா என்பது வேண்டுதலையும் குறிக்கும்.